கல்யாண மண்டபத்தில் வீணை சாம்பிள் பதிவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் உள்ள ஒரு பழைய கல்யாண மண்டபத்தை ஆடி மாதத்தில் பதினொரு இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்து, ஒரு சரஸ்வதி வீணையையும் ஒரு தம்புராவையும் நான்கு வயலின்களையும் சாம்பிள்களாகப் பதிவு செய்தோம். அன்றுமுதல் சாலிகிராமத்து ஒலிப்பதிவாளர்கள் தொடங்கி வீணை பயிலும் மாணவர்கள் வரை பலரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டதால், கேள்விகளை அவரவர் கேட்ட விதத்திலேயே எழுதி, பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

சாம்பிள் என்றால் என்ன சார்? யாரோ வாசித்த பாட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுப்பதுதானே?

அதையும் சாம்பிள் என்றுதான் சொல்வார்கள். இங்கே சொல்வது வேறு. ஒரு வாத்தியத்தின் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து, கீபோர்டின் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு பதிவாகப் பொருத்திவிட்டால், கட்டையை அழுத்தும்போது அந்த வாத்தியத்தின் உண்மையான ஒலியே எழும். 1963-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் வெளிவந்த மெல்லோட்ரான் இதையே ஒலிநாடாவில் செய்தது. அதில் கட்டைக்கு ஒரு நாடா இருக்கும். ஒவ்வொன்றும் சுமார் எட்டு விநாடி ஓடித் தீர்ந்துவிடும். இன்று நாடாவுக்குப் பதில் கணினிக் கோப்பு இருக்கிறது.

ஒரு வீணைக்கு எத்தனை சாம்பிள் எடுக்க வேண்டும்?

வீணையில் வாசிக்கும் தந்திகள் நான்கு: சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். தந்தியை அழுத்திப் பிடிக்கும் படிகளான மெட்டுகள் இருபத்து நான்கு. திறந்த தந்தியையும் சேர்த்தால் ஒரு தந்திக்கு 25 என்ற கணக்கில் மொத்தம் 100 இடங்கள் வருகின்றன. சுருதி அளவில் பார்த்தால் வெவ்வேறான ஸ்வரங்கள் 42தான். ஆனால் சாரணியின் திறந்த ஸட்ஜத்துக்கும், மந்தரத் தந்தியில் பன்னிரண்டாம் மெட்டில் பிடிக்கும் அதே ஸட்ஜத்துக்கும் நாதத்தில் இருக்கும் வேறுபாடு எந்தக் காதுக்கும் தெரியும். ஆகவே நூறையும் எடுத்தோம். ஒவ்வொன்றையும் மென்மையாக, நடுத்தரமாக, பலமாக என்று மூன்று அழுத்தங்களில், அழுத்தத்துக்கு நான்கு முறை மீட்டிப் பதிவு செய்தால் 1200 ஆகிறது. தாள தந்திகள் மூன்றும் இந்தக் கணக்கில் சேராதவை.

இதில் ஒரு தவறும் செய்தோம். அனுமந்தரத் தந்தியின் மேல் மெட்டுகளைக் கச்சேரியில் எவரும் தொடுவதில்லை என்று வீணை வாசித்த வைணிகர் முதல் நாளே சொன்னார். முழுமை வேண்டும் என்ற ஆசையில் கேட்காமல் விட்டோம். கேட்டிருந்தால் ஓர் இரவு மிஞ்சியிருக்கும்.

ஒரே ஸ்வரத்தை எதற்கு நான்கு தடவை எடுக்கிறீர்கள்? ஒன்றையே காப்பி செய்தால் போதாதா?

போதாது. ஒரே பதிவு மீண்டும் மீண்டும் ஒலித்தால், துரித காலத்தில் அது தையல் இயந்திரம் ஓடுவதைப்போலக் கேட்கும். விரல் ஒவ்வொரு முறையும் தந்தியைச் சற்று வேறு இடத்தில், வேறு கோணத்தில் தொடுகிறது. அந்தச் சிறு மாற்றங்களைத்தான் நம் காது உயிர் என்று அறிகிறது. நான்கு பதிவுகளையும் மென்பொருள் சுழற்சி முறையில் எடுத்துக்கொள்ளும். இதற்கு ரவுண்ட் ராபின் என்று பெயர்.

இரண்டாம் இரவு இரண்டு மணி வாக்கில் எங்கள் வைணிகர் மீட்டுவதை நிறுத்திவிட்டு, "தம்பி, என்னை மிஷின் மாதிரி மீட்டச் சொல்றீங்க. மிஷின் மாதிரியே நாலு தடவையும் ஒரே மாதிரி வந்துட்டா, அப்புறம் எதுக்கு நாலு தடவை?" என்று கேட்டார். அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும், மீட்டு ஒன்றாக இருக்கக் கூடாது என்பதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குத்தான் அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.

சென்னையில் இல்லாத ஸ்டுடியோவா? கல்யாண மண்டபம் எதற்கு?

இரண்டு காரணங்கள். முதலாவது நேரம். 1200 சாம்பிள்களுக்குத் தலா பதினைந்து விநாடி என்று வைத்தாலும் வெறும் ஒலியே ஐந்து மணி நேரம். சுருதி சேர்ப்பது, திரும்ப எடுப்பது, ஓய்வு எல்லாம் சேர்ந்தால் அது நான்கு மடங்காகும். மணிக்கணக்கில் வாடகை வாங்கும் இடத்தில் இதைச் செய்தால் கடிகாரத்தைப் பார்த்தபடியே வாசிக்க வேண்டியிருக்கும். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை மேனேஜர் குறைந்த வாடகைக்குக் கொடுப்பார். மின்விசிறியும் விளக்கும் ஏசியும் வேண்டாம் என்று சொன்னால் இன்னும் குறைப்பார்.

இரண்டாவது, அறை. தந்தி வாத்தியத்தின் ஒலி அறையில் பரவிச் சுவரில் பட்டுத் திரும்பும்போதுதான் முழுமை பெறுகிறது. எங்கள் ஊர்ப் பாட்டுப் பதிவு அறைகளில் பல, குரலுக்காக ஒலியை விழுங்கும்படி அமைக்கப்பட்டவை. லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் இருக்கும் லிண்ட்ஹர்ஸ்ட் ஹால், 1880-களில் தேவாலயமாகக் கட்டப்பட்டுப் பின்னாளில் பீட்டில்ஸ் குழுவின் இசைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் ஏர் ஸ்டுடியோவாக மாறிய இடம்; சாம்பிள் தொகுப்புகளை விற்கும் ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் தந்தி வாத்தியத் தொகுப்புகள் பல அங்கே பதிவானவை. வழிபாட்டுக்குக் கட்டிய கூடம் அவர்களுக்கு உதவியதுபோல, தாலி கட்டக் கட்டிய கூடம் நமக்கு உதவும் என்பது என் துணிபு.

ஆடி மாதம் என்கிறீர்கள். அம்மன் கோயில் ஸ்பீக்கர் இல்லாத தெரு மாம்பலத்தில் உண்டா?

இல்லை. ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம் என்பதால், பன்னிரண்டு மணிக்கு முன் நாங்கள் மைக்கைத் திறக்கவே இல்லை. கடைசி மின்சார ரயிலும் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும். விடியற்காலை நான்கு மணி வாக்கில் முதல் ரயில் வரும். அதே நேரத்தில் பால் வண்டி வந்து பிளாஸ்டிக் பெட்டிகளைத் தரையில் இழுக்கும். ஆக, ஓர் இரவில் கிடைப்பது நான்கு மணி நேரம். அதிலும் கூர்க்காவின் விசிலுக்கும் தெரு நாய்களுக்கும் ஒரு பங்கு உண்டு. நாங்கள் எடுத்த பதினொரு இரவுகளில் இரண்டு மழையால் போயின. சமையற்கட்டின் மேலிருந்த தகரக் கூரையில் மழை விழும்போது வேறு எதையும் பதிவு செய்ய முடியாது.

மார்கழியிலும் முகூர்த்தம் இல்லையே என்று கேட்பார்கள். மண்டபம் கிடைக்கும், கலைஞர்கள் கிடைக்க மாட்டார்கள். அப்போது அவர்கள் சபாக்களில் இருப்பார்கள். புரட்டாசியில் முயல்பவர்கள் சரஸ்வதி பூஜை நாளைத் தவிர்த்துவிட வேண்டும். அன்று வாத்தியத்தைப் பூஜையில் வைத்துவிட்டால் மறுநாள் விஜயதசமியில்தான் எடுப்பார்கள். எவ்வளவு பணம் கொடுத்தாலும் அன்றிரவு யாரும் மீட்ட மாட்டார்கள்.

லேசான சத்தம் இருந்தால்தான் என்ன? கச்சேரிப் பதிவிலும்தான் இருமல் கேட்கிறது.

கச்சேரிப் பதிவில் இருமல் ஒரு முறை வந்து போய்விடும். சாம்பிளில் பதிவான இருமல், அந்தக் கட்டையை அழுத்தும்போதெல்லாம் வரும். மூன்றாம் இரவில் மந்தரத் தந்தியின் அந்தர காந்தாரம் ஓய்ந்துகொண்டிருந்த வேளையில், மணமேடைக்குப் பின்னாலிருந்து பல்லி ஒன்று நான்கு முறை சொல்லிற்று. அப்போது யாரும் கவனிக்கவில்லை. பிறகு வீட்டில் அந்தத் தொகுப்பை வைத்து ஆலாபனை ஒன்றை அமைத்துப் பார்த்தபோது, காந்தாரத்தில் நின்றதும் பல்லி சொன்னது. அடுத்த முறை நின்றபோதும் சொன்னது. என் தாயார், "கிழக்கே சொல்லுதா மேற்கே சொல்லுதா, பார்த்துக்கோ" என்றார். நல்ல சகுனமாகவே இருந்தாலும் அந்த ஸ்வரத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

இதைவிட ஆபத்தானது தொடர்ச்சியான மெல்லிய இரைச்சல். ஒரு சாம்பிளில் காதுக்கே எட்டாத இரைச்சல், பத்து ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது பத்து மடங்கு ஆற்றலோடு, அதாவது 10 டெசிபல் உயர்ந்து நிற்கும். வீணையின் நாதம் நெடுநேரம் ஓயாமல் கிடப்பதால், மெதுவாக வாசித்தாலே பத்து ஸ்வரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடுகின்றன. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அழகான எதிரொலியைவிட அமைதிக்கு முதலிடம் தர வேண்டும் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

நாய்ஸ் ரிடக்‌ஷன் மென்பொருள் எதற்கு இருக்கிறது அண்ணா?

பேச்சுக்கு அது உதவும். வீணையின் ஒலி தேய்ந்து தேய்ந்து இரைச்சலுக்குள்ளேயே கரைகிறது. மென்பொருளுக்கு எது நாதம், எது இரைச்சல் என்று அந்த இடத்தில் தெரியாது. இரண்டையும் சேர்த்துத் தின்றுவிட்டு, தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோன்ற ஒரு மிச்சத்தை விட்டுவைக்கும். நாங்கள் அதைத் தொடவே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏழெட்டு சாம்பிள்களில் மிகச் சிறிதளவு பயன்படுத்தினோம், அவை எவை என்று இன்றும் எனக்குக் காதில் தெரிகிறது.

காலி மண்டபத்தில் கைதட்டினாலே மூன்று முறை கேட்கும். அந்த எதிரொலியை எப்படிச் சமாளித்தீர்கள்?

கூடம் 60 அடி நீளம், 36 அடி அகலம், 16 அடி உயரம். மொசைக் தரை, வெறும் சுவர். பலூனை உடைத்துப் பார்த்ததில் ஒலி அடங்க ஏறத்தாழ மூன்று விநாடி ஆயிற்று. இதற்கு மருந்து மண்டபத்துக்குள்ளேயே இருந்தது. பந்திக்கும் படுக்கைக்கும் அடுக்கி வைத்திருந்த ஜமுக்காளங்களைத் தரை முழுக்க விரித்து, இலவம்பஞ்சு மெத்தைகளை நீளவாட்டுச் சுவர்களில் சாய்த்து வைத்தபின், அது ஒன்றரை விநாடிக்குச் சற்று மேலாகக் குறைந்தது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே பந்துபோல ஓடிக்கொண்டிருந்த படபடப்பு அறவே நின்றது.

இது எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 1890-களில் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இயற்பியல் ஆசிரியர், ஒலி குழம்பிய ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்வதற்காக, பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவோடு இரவாகச் சுமந்துவந்து பரப்பி, ஓர் ஆர்கன் குழலும் ஒரு கடிகாரமும் வைத்துக்கொண்டு எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். மீட்டர் கணக்கில் அறையின் கன அளவை ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்து 0.161 ஆல் பெருக்கும் இன்றைய சூத்திரம் அப்படிப் பிறந்ததுதான். அவரும் இரவில்தான் வேலை செய்தார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஒரு எச்சரிக்கை: ஜமுக்காளம் மேல் ஸ்தாயியை விழுங்கும், கீழ் ஸ்தாயியை விழுங்காது. அளவுக்கு மீறி விரித்தால் அறை மந்தமாகி, வீணை போர்வைக்குள் இருப்பதுபோலக் கேட்கும். நாங்களே வைணிகருக்கு முன்னால் ஆறடி வெறும் தரையைத் திரும்பத் திறந்துவிட்டோம்.

எதிரொலியே வேண்டாம் என்பவர்களுக்கு?

மணமகள் அறையில் தனியாக ஒரு தொகுதி எடுத்தோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, மூன்று பக்கமும் மெத்தை. அங்கே வேறொரு சிக்கல் வந்தது. எங்கள் வீணை மூன்று கட்டை சுருதியில், அதாவது மேற்கத்திய E-யில் இருந்ததால், அனுமந்தரத் தந்தியின் திறந்த பஞ்சமம் சுமார் 62 ஹெர்ட்ஸ். அறையின் கூரை 9 அடி. அந்த உயரத்தில் தரைக்கும் கூரைக்கும் இடையே மோதித் திரும்பி ஓரிடத்திலேயே நிற்கும் ஒலி அலையும் ஏறக்குறைய 63 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்துகொள்ள, அந்த ஒரு தந்தி மட்டும் கடம்போலக் குமுறிற்று. ஜமுக்காளத்தைப்போலவே மெத்தையும் கீழ் ஸ்தாயியை விழுங்காது என்பதால் இதற்கு உதவாது. இத்தகைய அலையின் அழுத்தம் தரையிலும் கூரையிலும் உச்சமாகவும் நடு உயரத்தில் ஏறத்தாழ இன்மையாகவும் இருக்கும். ஆகவே தரையோரம் இருந்த மைக்கை நாலரை அடிக்கு உயர்த்தி, கீழ்நோக்கிச் சாய்த்தோம். குமுறல் அடங்கிவிட்டது.

பாத்திர அறைக் கதவைச் சாத்தி வைப்பதும் முக்கியம். சில ஸ்வரங்களுக்கு அங்கிருந்த அண்டாக்கள் கூடவே முனகின.

என்ன மைக், என்ன செட்டிங்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். எனக்கு மிகக் குறைவாகச் சொல்ல இருப்பதும் இதைப்பற்றித்தான். கூடத்தில் இரண்டு மைக்குகளை 17 சென்டிமீட்டர் இடைவெளியில் 110 பாகை கோணத்தில் வைத்தோம். வீணையின் குடத்துக்கு அருகே ஒன்று, தொலைவில் ஒரு ஜோடி. மைக்கின் சொந்த இரைச்சல் எவ்வளவு என்பதை மட்டும் பார்த்து வாங்குங்கள். ரோடு என்டி1-ஏ போன்ற எளிய விலை மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபல்தான். அதைவிடப் பல மடங்கு விலையுள்ள சில மைக்குகளில் அது இன்னும் அதிகம். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். ஒரு ஸ்டீரியோ ஜோடிக்கு மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி ஆகும். மடிக்கணினியைப் பேட்டரியில் ஓட்டினால், பழைய மண்டப வயரிங்கிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல் பெரும்பாலும் வராது. கணினியை மணமகன் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினோம்.

ஏசி இல்லாமல் சென்னை ஆடிப் புழுக்கத்தில் வீணை சுருதி நிற்குமா?

நிற்காது. வீணையின் மெட்டுகள் மெழுகில் பதிந்திருப்பவை. புழுக்கத்தில் மெழுகு இளகும், பலாமரத் தண்டியும் ஈரத்துக்கு ஏற்ப அசையும். பத்து ஸ்வரத்துக்கு ஒருமுறை தம்புராவோடு ஒத்துப் பார்த்தோம். பதிவுக்கு ஒரு வாரம் முன்பே மேளம் கட்டி, அதாவது மெட்டுகளை மெழுகில் புதிதாகப் பதித்து வைத்துவிட்டால் மெழுகு இறுகி நிற்கும். முந்தின நாள் கட்டினால் அவ்வளவும் வீண். வாத்தியத்தை அந்தக் கூடத்திலேயே ஒரு பகல் முழுவதும் விட்டுவைப்பதும் நல்லது.

டியூனரில் பார்த்தால் உங்கள் காந்தாரம் குறைவாக இருக்கிறது. திருத்தவில்லையா?

திருத்தவில்லை. சென்ட் என்பது கீபோர்டில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் சுருதி இடைவெளியில் நூறில் ஒரு பங்கு. கீபோர்டின் அந்தர காந்தாரம் ஸட்ஜத்திலிருந்து 400 சென்ட்; தம்புராவோடு இழையும் காந்தாரம் 386 சென்ட். அந்த 14 சென்ட் வேறுபாட்டைப் பிழை என்று எண்ணி நேராக்கினால், தம்புராவோடு சேர்த்து ஒலிக்கும்போது உரசும். மறுபக்கம், திருத்தாத காந்தாரத்தைப் பியானோவோடு சேர்த்தால் அதுவும் உரசும். ஆகவே பதிவை அப்படியே வைத்து, எந்த முறை வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே தேர்ந்துகொள்ள ஒரு பொத்தான் வைத்தோம்.

வயலினுக்கும் இதே முறைதானா?

பெரும்பாலும் ஆம். நம் முறையில் தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால், மேற்பலகை முன்பக்கம் பார்க்கிறது. மைக்கைத் தலைக்கு மேல் தொங்கவிடாமல் தாழ்த்தி முன்னால் வைக்க வேண்டும். இதோடு, ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வில்லை எடுக்காமல் நகரும் இணைப்பையும் பதிவு செய்ய வேண்டும். 36 ஸ்வரங்களிலிருந்து மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு என்றால் 864 இணைப்புகள். மூன்று இரவுகளில் அது முடிந்தது என்றால், நால்வரும் கோடம்பாக்கத்தில் பல்லாண்டு வாசித்த கை என்பதால்தான்.

தம்புராவுக்கு ஒரு வரி: தந்திகளைத் தனித்தனியே எடுத்தால் ஜீவா எனப்படும் ரீங்காரம் செத்துவிடும். முழுச் சுற்றுகளாக எடுங்கள்; அந்த ரீங்காரத்துக்காகத் தந்திக்கடியில் வைக்கும் நூல் நகர நகர நாதம் மாறும் என்பதால் நீண்ட நேரம் விடாமல் எடுங்கள்.

அப்படியானால் இந்தத் தொகுப்பை வைத்துத் தோடி ராகம் வாசிக்க முடியுமா?

தோடி என்று அறிவிக்க முடியும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமே அல்ல, அசைவுதான் அது. வைணிகர் தந்தியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுக்கும்போது சுருதி மட்டுமா உயர்கிறது? தந்தியின் இறுக்கமும் நாதத்தின் நிறமும் உடன் மாறுகின்றன. கீபோர்டின் பிட்ச் சக்கரம் சுருதியை மட்டும் தூக்கும். அதனால் இழுத்து வாசித்த பிரயோகங்கள் சிலவற்றைச் சொற்றொடர்களாகவே தனியாகப் பதிவு செய்து சேர்த்தோம். மோகனம், ஹம்ஸத்வனி போன்றவற்றைத் திரைப்பாடலுக்கு அமைக்கத் தாராளமாகப் போதும். ராகத்தை விரித்து வாசிக்க வேண்டும் என்றால் வைணிகரை அழையுங்கள். வாசிப்பவர்கள் இந்த ஊரிலேயே இருக்கிறார்கள்.

நீங்களே இப்படிச் செய்துவிட்டால் வயலின்காரர்களுக்கு யார் சார் வேலை கொடுப்பார்கள்?

இதைக் கேட்டவர் ஒரு வயலின்காரர். எங்கள் பதிவில் வாசித்தவர். மழுப்பாமல் சொன்னால், பணம் குறைவாக உள்ள படங்களில் நால்வர் வாசித்திருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொகுப்பு வந்து அமர்வது ஏற்கெனவே நடக்கிறது. நாங்கள் செய்யாவிட்டாலும் வெளிநாட்டுத் தொகுப்பு அங்கே வந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அதையே சாக்காகச் சொல்லி நழுவ எனக்கு மனமில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். ஒரு பாட்டுக்கு வாசிப்பதற்கான ஒருநாள் கூலியாக இதைக் கணக்கிடவில்லை. பதிவு எண்ணற்ற பாடல்களில் பயன்படும் என்பதால் விற்பனையில் பங்கு என்று எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொண்டோம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்திலும் அதன் 2012 திருத்தத்திலும் வாசிக்கும் கலைஞருக்கு உரிமைகள் உண்டு. வாய்வார்த்தையில் முடித்துக்கொள்வது இரு தரப்புக்கும் ஆபத்து. அவருக்கு இந்தப் பதில் முழுத் திருப்தி தரவில்லை. அடுத்த பதிவுக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், பங்கைச் சற்று உயர்த்த வேண்டும் என்ற நிபந்தனையோடு.

அந்த மண்டபத்தின் முகவரி கிடைக்குமா? நாங்களும் அங்கேயே எடுக்கலாம் என்று இருக்கிறோம்.

கொடுத்துப் பயனில்லை. தை மாத முகூர்த்தங்களுக்கு முன்பாகக் கூடத்துக்கு ஏசி போட்டு, பத்தடியில் பொய்க்கூரை அமைத்து, சுவர்களுக்குத் துணி ஒட்டிவிட்டார்கள். சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, கூட்டம் பந்திக்குப் போன நேரம் பார்த்துக் கைதட்டிப் பார்த்தேன். ஒன்றும் திரும்பி வரவில்லை. குன்றத்தூர்ப் பக்கம் மூடிக் கிடக்கும் ஓர் அரிசி ஆலைக் கிடங்கைப் பார்த்து வைத்திருக்கிறோம். எதிரொலி நன்றாக இருக்கிறது, பக்கத்தில் ரயில் இல்லை. எலிகள் இருக்கின்றன.